டாக்டர்களுக்கு ஆய்வுப் பயிற்சி: கேள்வி பதில்

மருத்துவ ஆய்வு கற்க விரும்பும் டாக்டர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். கிளினிக்கல் ரிசர்ச் பக்கம் போக ஆசை. 'ஆறே மாதத்தில் டிப்ளமோ, வேலை உறுதி' என்று விளம்பரங்கள் வருகின்றன. பணம் கட்டிச் சேரலாமா?
வாசகி, விழுப்புரம்

பணம் கட்டும் முன் எந்த வேலைக்குப் போகப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இந்தத் துறையில் டாக்டருக்கு இரண்டு வழி. ஒன்று, நோயாளிகளை வைத்து ஆய்வு நடத்தும் ஆய்வாளர் ஆவது. இன்னொன்று, மருந்து நிறுவனங்களிலும் ஆய்வு ஒப்பந்த நிறுவனங்களிலும் மருந்துப் பாதுகாப்பு, மெடிக்கல் மானிட்டர், மெடிக்கல் ரைட்டிங் போன்ற வேலைகள். இரண்டாவது வழிக்கு உங்கள் எம்.பி.பி.எஸ்.தான் முதல் தகுதி. ஒரு பக்கவிளைவு அறிக்கையைப் படித்து, அது மருந்தால் வந்ததா நோயால் வந்ததா என்று எடைபோடுவதற்குத்தான் டாக்டரை எடுக்கிறார்கள். டிப்ளமோ அந்தத் துறையின் பேச்சுமொழியைக் கற்றுத் தரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் செலவில்லாமல் தொடங்குங்கள். சென்னை அயப்பாக்கத்தில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் 'பேசிக் கோர்ஸ் இன் பயோமெடிக்கல் ரிசர்ச்' இணையத்தில் கிடைக்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும்தான் கட்ட வேண்டும். ஆய்வுக் கேள்வி அமைப்பது, ஆய்வு வடிவங்கள், சாம்பிள் கணக்கு (எத்தனை பேர் தேவை), நெறிமுறை, புரோட்டோகால் (ஆய்வுத் திட்ட ஆவணம்) எழுதுவது வரை எல்லாம் அதில் உண்டு. அதை முடித்த பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

தனியார் படிப்பில் சேரத்தான் போகிறீர்கள் என்றால் அங்கே போய் மூன்று விஷயம் கேளுங்கள். படிப்பு முடிவதற்குள் நான் ஒரு புரோட்டோகாலை முதல் வரி முதல் கடைசி வரி வரை எழுதுவேனா? அதைத் திருத்தப் போகிறவர் யார்? உண்மையான நோயாளிகள் வந்துபோகும் ஆய்வுத் தளத்தில் எனக்கு எத்தனை வாரம்? இரண்டாவது கேள்விக்குப் பெயர் கிடைத்ததும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். அது பொதுமக்கள் எவரும் பார்க்கக்கூடிய பதிவேடு. சொந்தமாக ஓர் ஆய்வுகூட நடத்தாதவர் ஆய்வு நடத்தக் கற்றுத்தர முடியாது.

எங்களைக் கேட்டால், டிப்ளமோவைவிட ஓர் ஆண்டுத் திட்டப் பணி மேல். சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்களும் பெரிய மருத்துவக் கல்லூரிகளும் நடக்கும் ஆய்வுகளுக்குத் தற்காலிகப் பணியில் டாக்டர்களை எடுப்பதுண்டு. சம்பளம் சுமாராக இருக்கும். ஆனால் ஒப்புதல் வாங்குவது, ஃபாலோ-அப்புக்கு வராத நோயாளியை வீடு தேடிப் போவது, ஆய்வைச் சரிபார்க்கும் மானிட்டர் வந்து ஃபைலைப் புரட்டும்போது பதில் சொல்வது எல்லாம் அங்கேதான் கைக்கு வரும்.

அரசு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவம் முதலாண்டு பி.ஜி. நான். கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ், அயர்ன் சுக்ரோஸ் என்ற இரண்டு இரும்புச்சத்து ஊசிகளையும் ஒப்பிடுவது என் தீசிஸ். 'சீனியர்கள் எல்லாம் 60 பேர்தான் எடுத்தார்கள், நீயும் 60 போடு' என்கிறார் கைடு மேடம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார் 264 வேண்டும் என்கிறார். யாரைக் கேட்பது?
டாக்டர் ம., திருநெல்வேலி

264 எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். 'பிரசவ நேரத்திலும் ரத்தசோகை தீராமல் இருப்பவர்கள் ஒரு பிரிவில் 30 சதவீதம், மற்றதில் 15 சதவீதம் இருக்கும் என்று நினைக்கிறேன்' என்று நீங்கள் அவரிடம் சொல்லியிருப்பீர்கள். 5 சதவீதப் பிழை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80 சதவீத பவர் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்ற வழக்கமான அளவுகளை அவர் வைத்திருப்பார். கணக்கு இதுதான்: அந்த இரண்டு அளவுக்கும் உரிய எண்களான 1.96-உம் 0.84-உம் கூட்டினால் 2.8, அதன் வர்க்கம் 7.84. அடுத்து 0.30 × 0.70 = 0.21, 0.15 × 0.85 = 0.1275, இரண்டும் சேர்ந்து 0.3375. வித்தியாசம் 0.15, அதன் வர்க்கம் 0.0225. 7.84 × 0.3375 ÷ 0.0225 = 117.6. ஆகவே ஒரு பிரிவுக்கு 118 பேர். பத்து சதவீதம் பேர் பாதியில் நின்றுவிடுவார்கள் என்று வைத்து 118-ஐ 0.9-ஆல் வகுத்தால் 132. இரண்டு பிரிவுக்கும் 264.

இந்தக் கடைசிப் படியில் பல தீசிஸ்கள் சறுக்குகின்றன. 118-ஐ 1.1-ஆல் பெருக்கி 130 என்று போடுவார்கள். 130 பேரில் பத்து சதவீதம் போனால் மிஞ்சுவது 117, தேவைக்கு ஒன்று குறைவு. வகுக்க வேண்டும், பெருக்கக் கூடாது.

மேடம் சொல்லும் 60, அதாவது பிரிவுக்கு 30 பேர், எடுத்தால் என்ன ஆகும்? உண்மையிலேயே 30-க்கும் 15-க்குமான வித்தியாசம் இருந்தாலும் உங்கள் ஆய்வு அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம்தான். அதே தீசிஸைப் பத்துப் பேர் செய்தால் ஏழு பேர் 'இரு மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்று எழுதுவார்கள். அந்த வரியை நம்பி யாரோ ஒருவர் வார்டில் மருந்தை மாற்றுவார். அதனால்தான் '60 போடு' என்பதைச் சின்ன விஷயமாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

அதே சமயம் 264 உங்களால் முடியுமா? இதற்கு ஓ.பி. ரெஜிஸ்டர்தான் பதில் சொல்லும். கடந்த ஆறு மாத ரெஜிஸ்டரை எடுத்து, உங்கள் சேர்க்கை விதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: கர்ப்ப வாரம், ஹீமோகுளோபின் அளவு, மாத்திரை ஒத்துக்கொள்ளாமை, பிரசவம் உங்கள் மருத்துவமனையிலேயே நடக்கும் என்ற உறுதி. ஓ.பி. நிரம்பி வழிந்தாலும் விதிகளைத் தாண்டி நிற்பவர்கள் மாதம் பத்துப் பேராக இருக்கலாம். அவர்களில் பாதிப் பேர் சம்மதித்தால் ஐந்து. தகவல் சேகரிப்புக்குப் 18 மாதம் கிடைக்கிறது, கடைசி 2 மாதம் ஃபாலோ-அப்புக்கு என்றால் சேர்க்க 16 மாதம். 16 × 5 = 80. இதுதான் உங்கள் கையிருப்பு.

80 பேரை வைத்து நேர்மையாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி உண்டா? உண்டு. 'ரத்தசோகை உண்டு, இல்லை' என்று பிரிக்கும்போது 11 கிராம் என்ற கோட்டுக்குக் கீழே 10.9-உம் 7.5-உம் ஒன்றாகிவிடுகின்றன. ஆய்வகம் தந்த எண்ணில் இருக்கும் தகவலில் பெரும்பகுதியை நாமே குப்பையில் போடுகிறோம். ஹீமோகுளோபின் அளவையே முதன்மை முடிவாக, அதாவது ஆய்வு முக்கியமாக அளப்பதாக, வைத்துப் பாருங்கள். இரு பிரிவு சராசரிகளுக்கும் இடையே 0.6 கிராம் வித்தியாசத்தைக் கண்டறிய வேண்டும், திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு மாறுபடுகிறது என்பது) 0.9 கிராம் என்றால்: 2 × 7.84 × 0.81 ÷ 0.36 = 35.28. பிரிவுக்கு 36, இழப்பைச் சேர்த்தால் 40, மொத்தம் 80.

கையிருப்புக்குள் அடங்கிவிட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள். 0.6 கிராம் கூடினால் அந்தத் தாய்க்கு உண்மையில் நன்மை உண்டா என்பதை மேடத்துடன் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். 0.9 என்ற திட்ட விலக்கம் உங்கள் ஊர் நோயாளிகளைப் போன்றவர்களிடம் நடந்த ஆய்விலிருந்தோ உங்கள் வார்டு பதிவுகளிலிருந்தோ வர வேண்டும். அது 1.2 ஆக இருந்தால் அதே கணக்கு பிரிவுக்கு 63 என்று ஏறி, இழப்புடன் 140-இல் போய் நிற்கும். இந்த மாற்றம் எல்லாம் புரோட்டோகால் ஒப்புதலுக்கு முன் நடக்க வேண்டும். தகவல் கைக்கு வந்த பிறகு முதன்மை முடிவை மாற்றுவது ஏமாற்று.

மேடத்திடம் போய் '60 போதாது' என்று நிற்காதீர்கள். ரெஜிஸ்டர் எண்ணிக்கை, இரண்டு கணக்கு, எட்டக்கூடிய எண் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், 'மேடம், இப்படிச் செய்தால் நம் யூனிட்டிலேயே முடிக்கலாம், ஒரு பார்வை பாருங்கள்' என்று கேளுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டு மறுக்கும் கைடு அபூர்வம்.

ஒப்பீடே வேண்டாம், 'எத்தனை சதவீதம்' என்று மட்டும் சொல்லப்போகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிர்பார்ப்பு 20 சதவீதம், முன்பின் 5 புள்ளி (15 முதல் 25 வரை) என்றால் 246 பேர். முன்பின் 4 புள்ளி என்றால் 385. துல்லியத்தில் ஒரு புள்ளி கேட்டால் 139 பேர் கூடுகிறார்கள்.

ஒற்றைப்படைத் தேதியில் வருபவர்களுக்கு ஒரு சிகிச்சை, இரட்டைப்படையில் மற்றது என்று பிரித்தால் ரேண்டமைசேஷன் ஆகுமா?
டாக்டர் கி., சேலம்

ஆகாது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போல, யாரும் முன்கூட்டி அறியாதபடி தீர்மானிப்பதுதான் ரேண்டமைசேஷன். இங்கே இன்று எது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். நிலைமை மோசமாக இருக்கும் நோயாளியை 'நாளைக்கு வாங்கம்மா' என்று சொல்ல மனம் தானாகவே தூண்டும். ஆஸ்பத்திரி நம்பரின் கடைசி இலக்கமும் அப்படியே. 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வில் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில், எந்தச் சிகிச்சை என்ற சீட்டு உள்ளே இருக்கும் சீல் வைத்த கவர்களைப் பயன்படுத்தியது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

பி.ஜி. தீசிஸுக்கு இன்றைக்கும் கவர் முறை போதும், ஒழுங்காகச் செய்தால். நோயாளியைச் சேர்க்காத ஒருவர் கம்ப்யூட்டரில் வரிசையைத் தயாரிக்கட்டும். இரு சிகிச்சையும் சம எண்ணிக்கையில் வரும் சிறு தொகுதிகளான பிளாக் எல்லாம் நான்காகவே இருந்தால் மூன்று பேர் முடிந்ததும் நான்காவது எது என்று ஊகித்துவிடலாம், ஆகவே நான்கும் ஆறும் கலந்து போடச் சொல்லுங்கள். கவர் தடித்த காகிதமாக இருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும், உள்ளே அலுமினியத் தாள் ஒன்றை மடித்து வையுங்கள். ஒரு கார்பன் தாளையும் வைத்தால், கவரின் மேல் நோயாளியின் பெயரையும் தேதியையும் எழுதும்போது உள்ளிருக்கும் சீட்டிலும் பதியும். பெயர் எழுதிய பிறகே திறக்க வேண்டும். வரிசை எண் தாண்டக் கூடாது. பிரித்த கவரைக் கிழித்துப் போடாமல் ஃபைலில் வையுங்கள்.

எதிக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) ஒப்புதல் வந்துவிட்டது. சி.டி.ஆர்.ஐ. பதிவை மெதுவாகச் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். அதற்குள் பத்து நோயாளிகளைச் சேர்க்கலாமா?
டாக்டர் ஜெ., தஞ்சாவூர்

சேர்க்காதீர்கள். 2018 ஏப்ரல் 1 முதல் சி.டி.ஆர்.ஐ. முன்பதிவை மட்டுமே ஏற்கிறது. முதல் நோயாளி சேர்ந்துவிட்டால் அந்த ஆய்வுக்குப் பதிவு எண் கிடைக்காது. எண் இல்லாத சிகிச்சை ஆய்வை நல்ல ஜர்னல்கள் திருப்பி அனுப்பிவிடும். பத்து நோயாளிகளுக்காக மூன்று ஆண்டு உழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

வரிசை இதுதான்: துறையின் ஒப்புதல், அறிவியல் குழு, எதிக்ஸ் கமிட்டி, சி.டி.ஆர்.ஐ., அதற்குப் பிறகு முதல் நோயாளி. சி.டி.ஆர்.ஐ.யில் கட்டணம் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தைப் படித்துக் கேள்வி கேட்டுத் திருப்புவார்கள், நீங்கள் பதில் சொல்லி மீண்டும் அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால் அதற்கும் திட்டத்தில் இடம் விடுங்கள். பெரும்பாலும் சிக்குவது முதன்மை முடிவில். 'ஹீமோகுளோபின் முன்னேற்றம்' என்று எழுதினால் திரும்பி வரும். 'கடைசி டோஸ் முடிந்த 4-ஆவது வாரத்தில் ஹீமோகுளோபின், கிராம் அளவில்' என்று எதை, எப்போது அளக்கிறீர்கள் என்பதோடு எழுத வேண்டும். புரோட்டோகால், பதிவேடு, தீசிஸ் மூன்றிலும் இந்த வரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

உங்கள் கமிட்டியையும் சரிபாருங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, மருந்துப் பரிசோதனைகளைப் பார்க்கும் கமிட்டி மத்திய மருந்துத் தர கட்டுப்பாட்டு அமைப்பிடமும், மற்ற சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டி சுகாதார ஆராய்ச்சித் துறையிடமும் பதிவு செய்திருக்க வேண்டும். குறைந்தது ஏழு உறுப்பினர்கள். தலைவர் வெளி நிறுவனத்தவர். ஒப்புதல் கடிதத்தில் கமிட்டியின் பதிவு எண்ணும் அது காலாவதியாகும் தேதியும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தைப் புதிய நோய்க்கோ புதிய அளவிலோ கல்வி நோக்கத்துக்காக மட்டும் ஆராய்ந்தால், எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் போதும், மத்திய அரசின் தனி அனுமதி தேவையில்லை. கமிட்டிக்கு ஐயம் இருந்தால் டெல்லிக்கு எழுதும். 30 வேலை நாளில் பதில் வராவிட்டால் அனுமதி தேவையில்லை என்று கொள்ளலாம். அந்த ஆய்வின் தரவைப் பிறகு எந்த நிறுவனமும் மருந்து விற்பனை அனுமதிக்குக் காட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கம் செய்து வைத்திருக்கிறோம். நோயாளிகள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். கைநாட்டு வைப்பவர்களும் உண்டு. இது செல்லுமா?
டாக்டர் ப., தருமபுரி

கையெழுத்து செல்லலாம், ஒப்புதல் செல்லாது. நாங்கள் பார்த்த பல படிவங்களில் 'பங்கேற்பாளர்கள் சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவர்' என்பது போன்ற வாக்கியங்கள் நிரம்பியிருக்கின்றன. படித்தவர்களுக்கே புரியாது. 'இரண்டு மருந்தில் உங்களுக்கு எது என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார். கவரைப் பிரித்துப் பார்த்து, அதில் உள்ளதைத் தருவோம். இரண்டுமே ஏற்கெனவே கொடுக்கப்பட்டு வரும் மருந்துகள்தான்' என்று எழுதுங்கள். 'சேராவிட்டாலும், பாதியில் விலகினாலும் இங்கே உங்களுக்குக் கிடைக்கும் வைத்தியம் குறையாது' என்ற வரி முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு வார்டு உதவியாளரிடம் வாசித்துக் காட்டி, 'என்ன புரிஞ்சுது, சொல்லுங்க' என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள். மாற்றிய படிவத்தையும் கமிட்டி ஒப்ப வேண்டும். நோயாளியிடமும் இதே முறைதான். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'வீட்டுக்குப் போய் என்ன சொல்வீங்க?' என்று கேட்டால் உண்மை தெரியும்.

படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சாராத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருக்க வேண்டும். படிவம் முழுதும் வாசித்துக் காட்டிய பிறகு கைநாட்டு, பக்கத்தில் சாட்சியின் கையெழுத்து, தேதி. உங்கள் கோ-ஆர்டினேட்டரோ ஹவுஸ் சர்ஜனோ சாட்சியாக முடியாது. ஒரு பிரதி நோயாளி கையில் போக வேண்டும். கர்ப்பிணி என்றால் கணவரும் மாமியாரும் கூடி முடிவெடுப்பது நம் ஊர் வழக்கம். பேசிவிட்டு வரட்டும், நேரம் கொடுங்கள். ஆனால் 'சரி' என்பது அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

சிகிச்சை தரும் டாக்டரே ஒப்புதலும் கேட்டால் நோயாளிக்கு மறுக்க வாய் வராது. முடிந்தவரை யூனிட்டில் வேறொருவர் பேசட்டும்.

எக்செல்லில் தகவல் எல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். 'இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது' என்று ஸ்டாட்டிஸ்டிஷியன் திருப்பிவிட்டார். என்ன தவறு?
டாக்டர் அ., கோயம்புத்தூர்

ஷீட்டைப் பார்க்காமலே சிலவற்றைச் சொல்லலாம். ஷீட்டின் ஒரே காலத்தில் (நெடுவரிசையில்) '9.2', '9.2 கிராம்', '9,2', 'சுமார் 9' என்று நான்கு விதம் இருக்கும். தெரியாத வயதுக்கு 99 போட்டிருப்பீர்கள், அது சராசரியில் 99 வயதாகச் சேரும். தெரியாததைக் காலியாக விட்டு, ஏன் இல்லை என்பதைப் பக்கத்துக் காலத்தில் எழுதுங்கள். தேதியில் 3/4 என்பது ஒரு கம்ப்யூட்டரில் ஏப்ரல் 3, இன்னொன்றில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் போடுங்கள். முக்கியமான நோயாளிகளை மஞ்சள் நிறத்தில் காட்டியிருந்தால் அதை எந்த மென்பொருளும் படிக்காது, நிறத்துக்குப் பதில் ஒரு காலம் சேருங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்து, ஒரே ஒரு காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துவது. ஒருவருடைய ஹீமோகுளோபின் இன்னொருவர் பெயருக்குப் போய்விடும், பார்த்தால் தெரியவே தெரியாது.

இதற்கெல்லாம் மருந்து, தகவல் சேகரிப்புக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதும் விளக்கப் பட்டியல்: காலத்தின் பெயர், எதைக் குறிக்கிறது, அலகு, அனுமதிக்கும் எல்லை. முதல் ஐந்து நோயாளிகள் சேர்ந்ததுமே ஷீட்டை ஸ்டாட்டிஸ்டிஷியனிடம் காட்டுங்கள். உங்கள் கல்லூரியில் ரெட்கேப் என்ற ஆய்வுத் தகவல் மென்பொருள் இருந்தால் எக்செல்லை விட்டுவிடலாம். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் தகவல் பதிவு மென்பொருள் ஒன்றே போதும், எல்லை மீறிய எண்ணை உள்ளே விடாதபடி அமைக்கலாம்.

காகிதப் படிவத்தில் திருத்தம் வந்தால் ஒயிட்னர் போடாதீர்கள். பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் புதிய எண், இனிஷியல், தேதி. இவ்வளவுதான் விதி, ஆனால் தணிக்கையில் அதிகம் மாட்டுவது இதுதான்.

சித்த மருத்துவ எம்.டி. மாணவன். குடிநீருக்கு (மூலிகைக் கஷாயத்துக்கு) ஆய்வில் பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி, தயாரிக்கச் சொல்கிறார்கள். அந்தக் கசப்பை எப்படிப் போலி செய்வது?
வாசகர், தாம்பரம்

நிலவேம்பு போன்ற கசப்பையும் வாசனையையும் மருந்துக் குணமில்லாத பொருளால் அப்படியே கொண்டுவருவது மிகக் கடினம். கசப்புக்காக வேறு மூலிகையைச் சேர்த்தால் அதுவே மருந்தாகிவிடும். இரண்டு வழி உண்டு. மருந்து வடிவத்தை மாற்றலாம் என்று நூலும் கைடும் ஒப்பினால் கேப்சூலில் அடைத்து ஒப்பிடலாம். அப்போது நீங்கள் சோதிப்பது அந்தக் கேப்சூலை, குடிநீரை அல்ல என்று தெளிவாக எழுத வேண்டும். இல்லையென்றால் வழக்கமான சிகிச்சையுடன் மறைப்பில்லாமல் ஒப்பிட்டு, முடிவை அளப்பவருக்கு மட்டும் யார் எந்தப் பிரிவு என்று தெரியாமல் வையுங்கள். முதன்மை முடிவு ஆய்வக எண்ணாக இருந்தால் இது போதுமான பாதுகாப்பு. வலி, சோர்வு என்று நோயாளியே சொல்லும் அளவாக இருந்தால் போதாது.

ஒவ்வொரு தொகுதிக் குடிநீருக்கும் மூலிகைச் சரக்கின் அடையாளம், அளவு, கொதிக்கவைத்த நீர், வற்றிய அளவு, தயாரித்த தேதி ஆகியவற்றைப் பதியுங்கள். இது இல்லாததால்தான் நல்ல சித்த ஆய்வுகளைப் பிறர் திருப்பிச் செய்து பார்க்க முடியாமல் போகிறது. ஆயுஷ் துறை 2013-இல் வெளியிட்ட சித்த, ஆயுர்வேத, யுனானி ஆய்வுகளுக்கான நற்செயல்முறை வழிகாட்டி உங்கள் மேசையில் இருக்க வேண்டும். சி.டி.ஆர்.ஐ. பதிவு உங்களுக்கும் பொருந்தும்.

சர்க்கரை நோய் மருத்துவமனை நடத்துகிறேன், 25 ஆண்டு அனுபவம். ஒரு நிறுவனம் தன் மருந்து ஆய்வுக்கு முதன்மை ஆய்வாளராக இருக்கக் கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா, என்ன பயிற்சி வேண்டும்?
டாக்டர் ரா., காரைக்குடி

நோயாளியைப் பார்த்த அனுபவம் பெரிய பலம். ஆனால் இங்கே பொறுப்பு வேறு. கையெழுத்துப் போடுபவர் நீங்கள், யார் தவறு செய்தாலும் பதில் சொல்பவரும் நீங்கள்.

முதலில் நற்செயல்முறை (குட் கிளினிக்கல் பிராக்டிஸ்) பயிற்சி. உலக அளவிலான வழிகாட்டியின் மூன்றாவது திருத்தம் 2025 ஜனவரியில் இறுதியானது. பழைய சான்றிதழ் இருந்தாலும் இதைப் புதிதாகப் படியுங்கள். உங்கள் மருத்துவமனைக்குச் சொந்த எதிக்ஸ் கமிட்டி இல்லையென்றால், அதே ஊரிலோ 50 கிலோமீட்டருக்குள்ளோ உள்ள பதிவு பெற்ற கமிட்டி ஒப்புதல் தர விதி இடம் தருகிறது.

'எத்தனை நோயாளி தர முடியும்?' என்று ஒரு படிவம் வரும். நினைவிலிருந்து 40 என்று எழுதிவிடுவார்கள். சேர்வது நாலைந்து பேர். சிறுநீரக அளவு, பிற மருந்துகள், வயது எல்லை என்று விலக்கு விதிகளை உங்கள் கேஸ் ஷீட்டுகளில் வைத்துப் பார்த்து எண்ணிய பிறகு எழுதுங்கள்.

மோசமான பாதிப்பு ஒன்று நேர்ந்தால், அதாவது மரணம், மருத்துவமனையில் சேர்ப்பு, ஊனம் போன்றவை, 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்கும் கமிட்டிக்கும் மத்திய உரிம அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்ந்து எழுதிய அறிக்கை 14 நாளுக்குள். இது ஞாயிற்றுக்கிழமை இரவும் பொருந்தும். மருந்தால் வந்ததல்ல என்று உங்களுக்குத் தோன்றினாலும் பொருந்தும். நோயாளி வேறு ஊரில் வேறு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டு அடுத்த விசிட்டில்தான் சொல்வார் என்பதே பெரும் சிக்கல். ஆகவே ஒவ்வொருவர் கையிலும் உங்கள் எண்ணோடு ஒரு அட்டை கொடுங்கள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.

முழுநேர கோ-ஆர்டினேட்டர் ஒருவர், 2 முதல் 8 டிகிரியில் மருந்தை வைக்கத் தனி ஃபிரிட்ஜ், மின்வெட்டிலும் ஓடும் வெப்பநிலைப் பதிவு, பூட்டிய அலமாரி ஆகியவை இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாரத்தில் அரை நாளை ஆய்வுக்கென்று ஒதுக்க முடியாதவர் முதலில் துணை ஆய்வாளராக ஓர் ஆய்வை முடிப்பது நல்லது.

எம்.டி. முடித்த பிறகு ஆய்வையே முழுத் தொழிலாக்க வேண்டுமானால் எங்கே படிப்பது?
டாக்டர் வி., மதுரை

மருந்துப் பரிசோதனையில் ஆர்வமா? புதுச்சேரி ஜிப்மரிலும் சண்டிகர் பி.ஜி.ஐ.யிலும் உள்ள டி.எம். கிளினிக்கல் பார்மகாலஜியைப் பாருங்கள். நோய்ப் பரவலும் திட்ட மதிப்பீடும் என்றால் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு. எண்ணில் பிடிப்பு உள்ளவருக்கு வேலூர் சி.எம்.சி.யின் உயிர்ப்புள்ளியியல் துறை. பணியை விடாமல் படிக்க வேண்டுமானால், லண்டன் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் பள்ளியின் கிளினிக்கல் டிரயல்ஸ் படிப்பு தொலைநிலையிலேயே உண்டு. சான்றிதழ் அளவில் தொடங்கி முதுநிலை வரை ஏறலாம். கட்டணம் கனமானது. சொந்த ஆய்வுத் திட்டத்தோடு வருபவர்களுக்கு இந்தியா அலையன்ஸ் அமைப்பு மருத்துவ, பொதுச் சுகாதார ஃபெல்லோஷிப்புகள் தந்து வந்திருக்கிறது. அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.

சேரும் வரை சும்மா இருக்க வேண்டாம். 1956-இல் சென்னையில் தொடங்கி 1959-இல் வெளியான காசநோய் ஆய்வை எடுத்துப் படியுங்கள். ஏழைக் குடியிருப்புகளில் வீட்டிலேயே மருந்து எடுத்தவர்கள், சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றவர்களுக்கு இணையாகக் குணமானார்கள் என்று காட்டி, உலகம் முழுதும் காசநோய் சிகிச்சையையே மாற்றிய ஆய்வு அது. ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும், 2025-இல் புதுப்பித்த கன்சார்ட் பட்டியலின் 30 அம்சங்களையும் பக்கத்தில் வைத்து, எது எழுதப்பட்டிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். அடுத்து உங்கள் எம்.டி. தீசிஸுக்கும் அதையே செய்யுங்கள். விடுபட்டவற்றில் எவற்றை இப்போதும் உங்கள் படிவங்களிலிருந்து எடுத்து நிரப்ப முடியும் என்று பார்த்தால், அந்தத் தீசிஸ் ஜர்னலுக்குப் போகுமா என்பது தெரிந்துவிடும்.